காணியற்றோர் வீட்டில் விருந்தா?

கிராமங்கள் உய்வதற்கு இன்று புதியதொரு மந்திரம் ஓதப்படுகிறது. கிராமியச் சுற்றுலா என்பது அதன் பெயர். அந்நிய நாட்டவர் வருவர். கிராமத்து வீட்டிலே தங்குவர். நம் உணவை உண்டு பணம் தருவர். அப்பணத்தாற் கிராமம் நிலையான வளர்ச்சி எய்தும் என்கின்றனர். கருத்தரங்குகளில் இதனைக் கேட்டுத் தலையசைப்போர், யாருடைய வீடு, யாருடைய நிலம் என்ற வினாவை மட்டும் எழுப்புவதில்லை. நாம் எழுப்புகிறோம்.

மலைநாட்டை எடுத்துக்கொள்வோம். எல்லவையும் நுவரெலியாவையும் நாடிவரும் பயணி எதனைக் காண வருகிறான்? தேயிலைச் சரிவுகளை, 1921இல் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை, கொழுந்து பறிக்கும் பெண்ணை. இவற்றுள் இயற்கை தந்தது மலையும் மழையும் மாத்திரமே. எஞ்சியவை உழைப்பின் ஆக்கம். 19ஆம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, காடு வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்களின் சந்ததியினர் இன்றும் அச்சரிவுகளிலேதான் வாழ்கின்றனர். ஆயினும் அவர்கள் படுத்துறங்கும் லயத்து அறை அவர்களுக்குச் சொந்தமில்லை. 1948இன் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, காணி மட்டும் தொழிலாளியின் கைக்கு வரவில்லை. புதிய வீட்டுடன் ஏழு பேர்ச் காணி பெற்ற குடும்பங்கள் சிலவே. பெரும்பாலோரிடம் இன்றும் உறுதி இல்லை.

இந்நிலையில் இச்சுற்றுலாவாற் பயன் பெறுவோர் எவர்? விருந்தினரை ஏற்க வீடு சொந்தமாயிருத்தல் வேண்டும். அதனைத் திருத்தக் கடன் பெறுவதாயின் ஈடு வேண்டும். ஓரறையிலே மூன்று தலைமுறை முடங்கிக் கிடக்கும் குடும்பம் எந்த மூலையில் விருந்தினனுக்குப் பாய் விரிக்கும்? பழைய துரை பங்களாக்கள் பல சொகுசு விடுதிகளாகிவிட்டன. அங்கே தொழிலாளியின் மகன் பெட்டி சுமக்கிறான். மகள் படுக்கை விரிக்கிறாள். தாயோ விளம்பரப் படத்திலே சிரிக்கிறாள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு ஆண்டுக்கணக்கிற் போராடியவள் அவள். அவளுடைய முகம் உலகெங்கும் விலைபோகிறது. அவ்விலையில் அவளுக்குப் பங்கில்லை.

இது மலைநாட்டாரின் துயரம் மட்டுமன்று. கிழக்கிலே, சிங்களவரும் தமிழரும் கலந்து வாழும் பாணமைப் பகுதியில், 2010 ஜூலையில் ராகம்வெலக் குடியானவர்கள் ஆயுதந்தாங்கியோரால் விரட்டப்பட்டனர், குடிசைகள் எரிக்கப்பட்டன. பின்னர் அப்பகுதியிலே கடற்படையினரின் உல்லாச விடுதி எழுந்தது. நிலத்தைப் பறிக்கும் கை மொழி பார்ப்பதில்லை.

அப்படியாயின் பயணிகளே வரவேண்டாமா என நண்பர்கள் வினவலாம். நாம் அவ்வாறு கூறவில்லை. தெருவோரத்தில் இளநீர் விற்பவனின் வருவாயையும் முச்சக்கரவண்டி ஓட்டுபவனின் வருவாயையும் நாம் இகழோம். ஆனால் அவ்வருவாயின் உறுதிப்பாட்டை நாம் கண்டிருக்கிறோம். 2019இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2020இன் கொள்ளைநோயின்போதும், 2022இன் எரிபொருட் பஞ்சத்திலும் விடுதிகள் வெறிச்சோடின. அந்நாட்களிற் காணியுள்ளவன் மரவள்ளியாவது நட்டான். காணியற்றவன் எதனை நடுவான், எங்கே நடுவான்?

ஆகவே வரிசையை மாற்றுங்கள் என்கிறோம். முதலிற் காணியுறுதி, அடுத்து, கிராமத்தவரே நடத்தும் கூட்டுறவு, அதன் பின்னரே விருந்தினர். எத்தனை பேர் வரலாம், எங்கே தங்கலாம், எதனைப் படமெடுக்கலாம் என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அங்கே வாழ்வோருக்கே இருத்தல் வேண்டும். இவையின்றி நடப்பது வளர்ச்சியன்று. வறுமையைக் காட்சிக்கு வைத்துக் கட்டணம் அறவிடும் வாணிபம்.

ஆசிரியர்களாகிய நாமும் இதிற் குற்றமற்றவர்களல்லர். 'சுற்றுலாத்துறையின் நன்மைகள்' என்று கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்து, மனனஞ்செய்த பத்து நன்மைகளுக்குப் புள்ளியிட்டு வருகிறோம். லயத்திலிருந்து வந்த பிள்ளையும் அவற்றையே எழுதித் தருகிறது. இனிமேல் அத்தலைப்புடன் ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுப்போம்: யாருக்கு?