மஞ்சப்பையில் ஒரு எம்.ஆர்.ஐ.



ஏர்வாடியிலிருந்து மதுரைக்கு விடியற்காலையில் பஸ் ஏறும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஜன்னலோரம் தலையில் துண்டு கட்டிய கணவர். மூளையில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன், ரேடியேஷன் முடிந்து இப்போது கீமோ மாத்திரை. மனைவியின் மடியில் மஞ்சப்பை, அதற்குள் ஸ்கேன் ஃபிலிம். பிள்ளைகள் பக்கத்து வீட்டில். அன்றைக்கு இரண்டு பேர் கூலியும் போச்சு. ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை எல்லாம் தாண்டிப்போய் வரிசையில் நின்றால், டாக்டர் பார்ப்பது பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தை வீட்டிலிருந்தே செல்போனில் பேசினால் ஆகாதா?

இது ஒன்றும் புதுசு இல்லை. ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தை 2000-லேயே சாட்டிலைட் மூலம் சென்னை மருத்துவர்களோடு இணைத்தார்கள். 2020 மார்ச்சில் இதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. இ-சஞ்சீவனி என்ற அரசு வீடியோ மருத்துவ சேவை இலவசமாகவே இருக்கிறது.

'தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம்?' என்பீர்கள். மூளை விஷயத்தில் கண்ணால் பார்த்தே நிறைய தெரிந்துகொள்ளலாம். "உள்ளங்கை மேல பார்க்க ரெண்டு கையையும் முன்னால நீட்டி, கண்ணை மூடுங்க" என்பார் டாக்டர். ஒரு கை மட்டும் மெல்லத் திரும்பிக் கீழே இறங்கினால், அவருக்கு விஷயம் புரிந்துவிடும். சிரிக்கச் சொல்வார், நடக்கச் சொல்வார். "நாலு நாளா இடது பக்கமே சோறு சிந்துதுங்க" என்று மனைவி சொல்வதும் அவருக்கு ஒரு டெஸ்ட் ரிசல்ட் மாதிரிதான். ஓ.பி. கூட்டத்தில் அதைச் சொல்ல அந்த அம்மாவுக்கு வாய் வருமா?

ஆனால் ஒன்று. ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து எடுத்த போட்டோ போதாது. ஸ்கேன் சென்டரில் படங்கள் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி, முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வலிப்பு நிற்காமல் வந்தாலோ, நினைவு தப்பினாலோ வீடியோவுக்காகக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏர்வாடி என்றதும் 2001 ஆகஸ்ட் 6 என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அங்கே தர்காவை நம்பி வந்து, காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய நாள். மூளையின் முன்பகுதியில் கட்டி வந்தாலும் மனநோய் போலவே குணம் மாறும். அமைதியான மனுஷர் திடீரென எரிந்து விழுவார், கூச்சம் போய்விடும். உடனே வீட்டில் 'செய்வினை' என்ற பேச்சு கிளம்பும். தர்காவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. துவாவோடு (பிரார்த்தனை) தவாவும் (மருந்து) சேரட்டும் என்ற பேச்சு அங்கேயே உண்டு. ஆனால் காலையில் தலைவலியும் வாந்தியும், முதன்முறையாக வலிப்பு, வாய் குழறல் இதில் ஏதாவது ஒன்று கூடவே இருந்தால் ஒரு ஸ்கேன் எடுக்காமல் விடலாமா? முதல் தடவை நேரில்தான் போகவேண்டும். அதற்குப் பஸ் ஏறுவது வீண் இல்லை. அடுத்தடுத்த பயணங்களில் பாதியைக் குறைக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அதனால் அடுத்த முறை டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே, "மறுபரிசோதனைய வீடியோவுல பார்ப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பார்க்கிறோம் என்று சொன்ன ஆஸ்பத்திரி எது, எந்தக் கிழமை என்று எங்களுக்கும் ஒரு கார்டு போடுங்கள். பக்கத்து ஊர்க்காரருக்குப் பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்