தவணையில் வாங்கியதற்கு ஸ்தோத்திரக் காணிக்கையா?

தியானப் பகுதிகள்: லூக்கா 12:13–21, யாக்கோபு 2:1–7



கிறிஸ்து பிறப்பின் பண்டிகை நெருங்கி வருகிறது. மெயின்கார்டு கேட் தொடங்கித் தெப்பக்குளம் வரையிலும், என்.எஸ்.பி. சாலையிலும், பெரிய கடை வீதியிலும் மாலை வேளைகளில் கால் வைக்க இடமில்லை. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் திரண்ட கூட்டத்தின் இடத்தில் இப்போது நம்முடைய சபையார் நிற்கிறார்கள். பண்டிகைக்குப் புத்தாடை எடுப்பதைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. சக்திக்கு மிஞ்சி வாங்குவதையும், அப்படி வாங்கியதைத் தேவனுடைய ஆசீர்வாதம் என்று ஆலயத்திலே அறிவிப்பதையும் எதிர்த்தே எழுதுகிறேன்.

ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும் ஸ்தோத்திர விண்ணப்பங்களைக் கவனித்துப் பாருங்கள். புதிய கார் வாங்கியதற்காக ஸ்தோத்திரம். புதுமனை புகுந்ததற்காக ஸ்தோத்திரம். மகளுடைய திருமணத்தைச் சிறப்பாக நடத்தியதற்காக ஸ்தோத்திரம். நன்று. ஆனால் கடனைத் தீர்த்து முடித்ததற்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்தவர்கள் எத்தனை பேர்? அண்டை வீட்டாரைப் பார்த்து ஆசைப்பட்ட ஒன்றை வாங்காமல் இருக்கக் கிருபை பெற்றதற்காகக் காணிக்கை உறை போட்டவர்கள் எத்தனை பேர்? வாங்குதலே அருளின் அடையாளம் என்றும், வாங்காதிருத்தல் அருள் குறைந்ததன் அடையாளம் என்றும் நம்மை அறியாமலே ஒரு புதிய உபதேசத்தை உண்டாக்கிக்கொண்டோம்.

வீட்டுக்காகக் கடன் வாங்குவது பாவமென்று நான் சொல்லவில்லை. திருப்பிச் செலுத்தும் வழியறிந்து வாங்கும் கடன் வேறு. மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும் வேறு வழியின்றிக் கைநீட்டிய ஏழையின் கடன் வேறு. அவர்களைக் கண்டித்தால் தேவன் நம்மைக் கண்டிப்பார். நான் சொல்வது, பிறர் கண்ணுக்கு முன் உயர்ந்து நிற்பதற்காக வாங்கும் கடனைப் பற்றி. அறுபது மாதத் தவணையில் நிற்கும் ஒரு வாகனத்தை, வருமானத்துக்கு அது தாங்காது என்று தெரிந்தும் வாங்கிவிட்டு, 'கர்த்தர் கொடுத்தார்' என்று சொல்வது எப்படி? கொடுத்தது வங்கி, கேட்டது நம்முடைய பெருமை. நடுவில் கர்த்தருடைய நாமத்தை இழுப்பது, அந்தப் பரிசுத்த நாமத்தை வீணிலே வழங்குவதல்லவா?

இதனால் கேடு வாங்கியவரோடு நிற்பதில்லை. அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கேட்கிறார். 'அவர்களுக்குக் கொடுத்த ஆண்டவர் எனக்கு ஏன் கொடுக்கவில்லை?' என்று அவர் மனம் கலங்குகிறது. சில மாதங்களில் அவரும் கையெழுத்திடுகிறார். வாரத் தவணை, மாதத் தவணை, ஒரு கடனை அடைக்க மறு கடன், இறுதியில் தாலிச் சங்கிலி அடகுக்குப் போகிறது. தமிழகச் சட்டமன்றம் 2025ஆம் ஆண்டில், கடனை மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கவென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், வாசற்படியில் வந்து நிற்கும் வசூலிப்பவருக்கு நம் மக்கள் எவ்வளவு அஞ்சி வாழ்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புத்தாடை எடுக்க முடியவில்லை என்ற வெட்கத்தினால் கிறிஸ்து பிறந்த நாளன்று ஆலயத்துக்கு வராமலே இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருடைய பண்டிகையில் கலந்துகொள்ள ஏழைக்குத் துணிவில்லை என்றால், அது யாருடைய பண்டிகை?

வாங்கினால் மனம் நிறையும் என்பது உண்மையாயிருந்தாலாவது இந்த வேதனைக்கு ஒரு பலன் இருக்கும். அதுவும் இல்லை. 1978ஆம் ஆண்டில் பிலிப் பிரிக்மன் என்னும் உளவியலாளரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், அமெரிக்காவின் இல்லினாய் மாநில லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் அதிக மகிழ்ச்சியோடு இருக்கவில்லை. அதைவிடக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு: நண்பரோடு பேசுதல், காலை உணவு போன்ற அன்றாடச் சிறு காரியங்களில் அவர்கள் பெற்ற இன்பம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. புதியது சில வாரங்களில் பழகிப்போகிறது. பழகியபின் பழைய எளிய இன்பமும் சுவை இழக்கிறது. நகை வாங்குகிறவர் சேதாரத்தைக் கணக்குப் பார்த்துப் பேரம் பேசுகிறார். உள்ளத்துக்கு உண்டாகும் இந்தச் சேதாரத்தை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

கடன் அட்டையின் வஞ்சகமும் ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்னும் இருவர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச் சீட்டுகளை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலையைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விலையை, அட்டையினால் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்டார்கள். பணம் கையைவிட்டுப் போகும் வலி நமக்குத் தேவன் வைத்த ஒரு காவல். அட்டை அந்தக் காவலாளியைத் தூங்க வைக்கிறது. நம் நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 10 கோடியைக் கடந்துவிட்டது.

நம் ஆண்டவர் இந்த நோயை உளவியலாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தார். சகோதரனோடு ஆஸ்தியைப் பங்கிட்டுத் தரும்படி ஒருவன் வந்து கேட்டபோது, அவர் பங்கு பிரிக்க மறுத்து, பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். அங்கே மூலமொழியில் வரும் 'பிளியோனெக்சியா' என்னும் கிரேக்கச் சொல், இன்னும் அதிகம் வேண்டும் என்னும் வேட்கையைக் குறிக்கும். எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதையல்ல, போதும் என்ற சொல்லை மறந்துபோவதையே அது சுட்டுகிறது. உவமையில் வரும் ஐசுவரியவான் பேசுவதை எண்ணிப் பாருங்கள்: எல்லாம் என்னுடையது, எல்லாம் எனக்கே. அவன் திருடவில்லை, எவரையும் ஏமாற்றியதாகவும் எழுதப்படவில்லை. அவன் பேச்சில் தேவனும் இல்லை, அயலானும் இல்லை. அதுதான் அவனுடைய மதிகேடு. பவுல் இதே சொல்லைக் கொலோசெயருக்கு எழுதும்போது விக்கிரகாராதனையோடு சேர்த்துவிடுகிறார்.

'எங்கள் பணம், எங்கள் விருப்பம். சபைக்கு இதில் என்ன?' என்று சிலர் கேட்கலாம். யாக்கோபு அதற்கு விடை சொல்லுகிறார். பொன் மோதிரமும் மினுக்கான ஆடையும் அணிந்து வருகிறவருக்கு நல்ல இடமும், கந்தை உடுத்திய ஏழைக்குக் காலடியும் கொடுக்கிற சபையை அவர் கடிந்துகொள்கிறார். கடை வீதியில் வாங்கும் தங்கத்துக்கு மதிப்பு உண்டாவது, ஆலய வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் அதைக் கண்டு நாம் கொடுக்கும் மரியாதையினால்தான். பெண் வீட்டார் எத்தனை சவரன் போட்டார்கள் என்று சபையார் விசாரிக்காதிருந்தால், பாதிக் கடன்கள் பிறவாமலே போகும். செலவழிக்கிறவன் ஒருவன், செலவழிக்க வைப்பவர்கள் நாம் எல்லாரும்.

தெப்பக்குளத்துக்கு அருகே, இந்தக் கடை வீதிகளின் நடுவிலேயே, 1766ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கிறிஸ்து ஆலயம் நிற்கிறது. அதைக் கட்டிய சுவார்ட்ஸ் ஐயர் 1762இல் முதன்முதலாகத் திருச்சிக்கு வந்தவர். மாதம் 10 வராகனே அவருடைய வருமானம். பழைய கட்டடம் ஒன்றில், ஒரு படுக்கையும் ஒரு மனிதனும் கொள்ளும் அளவான அறையில் வாழ்ந்தார். சோறும் காய்கறியும் உண்டார். கறுப்புச் சாயமிட்ட முரட்டுப் பருத்தித் துணியை உடுத்தினார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியம் கொடுத்தபோது, அதில் பெரும்பங்கை ஊழியத்துக்கே செலவிட்டார். அரசரும் நவாபும் கம்பெனி அதிகாரிகளும் அவருடைய சொல்லை நம்பினார்கள். அந்த மதிப்பை அவர் எந்தக் கடையிலும் வாங்கவில்லை. இன்று அந்த ஆலயத்தைக் கடந்துதான் நாம் ஜவுளிக்கடைக்குப் போகிறோம். ஒரு கணம் நின்று பார்த்துப் போகலாம்.

எல்லாரும் சுவார்ட்ஸைப் போல ஒரே அறையில் வாழ வேண்டுமா? வேண்டாம். நாம் அனுபவிக்கும்படி தேவன் எல்லாவற்றையும் தாராளமாகத் தருகிறார் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சி அவருடைய ஈவு. ஆனால் அதே பகுதி, நற்செய்கைகளிலே ஐசுவரியவான்களாகும்படியும் கட்டளையிடுகிறது. 2008ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்குக் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, ஒரு சாராரைத் தங்களுக்காகவும் மறுசாராரைப் பிறருக்காகவும் மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்காகச் செலவழித்தவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது பொருட்டாகவில்லை. வாங்குவதைப் பார்க்கிலும் கொடுப்பது பாக்கியம் என்று நாம் மனப்பாடமாய்ச் சொல்லிவருவதை ஓர் ஆய்வுக்கூடமும் கண்டுகொண்டது.

ஆகையால் இந்தப் பண்டிகைக்கு முன் மூன்று காரியங்களைச் சபையாரிடம் கேட்கிறேன். ஒன்று, ஸ்தோத்திர உறையில் பொருளின் பெயரை எழுதாதிருங்கள். கடன் தீர்ந்ததை, சமாதானமானதை, மன்னித்ததை எழுதுங்கள். இரண்டு, திருமண வீடுகளில் நகையின் எடையைக் கேளாதிருங்கள்; கேட்பவருக்குப் பதில் சொல்லாதிருங்கள். மூன்று, கடைக்குப் போகுமுன் உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போய்வாருங்கள். அங்கே என்ன தேவை என்று அறிந்தபின் உங்கள் பட்டியலை எழுதுங்கள். கடனில் மூழ்கியிருப்பவர்கள் வெட்கப்படாமல் என்னிடம் வாருங்கள். உங்களைக் கண்டிப்பதற்காக அல்ல. உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதற்காக.

ஜெபம்: எங்களுக்காக ஏழையான ஆண்டவரே, போதும் என்று சொல்லும் நாவை எங்களுக்குத் தாரும். பிறருடைய கண்களுக்கு அஞ்சாத இருதயத்தைத் தாரும். பழைய ஆடையோடு உம்முடைய பிறந்தநாளுக்கு வருகிறவர்களை முன்வரிசையில் உட்கார வைக்கும் சபையாக எங்களை ஆக்கியருளும். ஆமென்.