ஊன்றுகோலும் உத்தியோகமும்

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சிபார்சு ஒன்று உண்டு. "பாவம், அந்தப் பிள்ளைக்குக் கால் சரியில்லை; எங்கேயாவது ஒரு மூலையில் உட்கார வைத்து ஏதாவது வேலை போட்டுக் கொடுங்களேன்" என்பதுதான் அது. சொல்லுகிறவர் நல்ல மனத்துடனேயே சொல்லுகிறார். கேட்கிறவரும் மனம் இளகியே கேட்கிறார். ஆயினும் அந்த ஒரே வாக்கியத்தில் மூன்று பிழைகள் அடங்கியிருக்கின்றன என்று நமக்குத் தோன்றுகிறது. 'பாவம்' என்பது முதற் பிழை. 'மூலையில்' என்பது இரண்டாவது. 'ஏதாவது வேலை' என்பது மூன்றாவது. அந்தப் பிள்ளை பி.காம். பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவனாயிருக்கலாம், கணக்கில் புலியாயிருக்கலாம். அதைப்பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. ஆபீஸுக்குள் அவனுடைய கால்தான் முதலில் நுழைகிறது. தலை வெகு நேரம் கழித்தே நுழைகிறது.

கருணை உயர்ந்த குணம். அதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆனால் பிறர் கருணையை நம்பி ஒரு மனிதன் முப்பது வருஷம் உத்தியோகம் பார்க்க முடியாது. மேலதிகாரி மாற்றலாகிப் போனால் அவருடைய கருணையும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போய்விடும். ஆகையினாலேதான் பல தேசங்கள் இந்த விஷயத்தைக் கருணையிடமிருந்து எடுத்துச் சட்டத்தின் கையில் ஒப்படைத்திருக்கின்றன. நமது தேசமும் அவ்வாறு செய்திருக்கிறது. எவ்வளவு தூரம் செய்திருக்கிறது, எந்த இடத்தில் தயங்கி நின்றுவிட்டது என்பதை நேயர்கள் அறிந்திருப்பது அவசியம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 2 கோடியே 68 லட்சம். இது யாரோ சிலருடைய விஷயம் என்று எந்தக் குடும்பமும் அலட்சியமாயிருப்பதற்கில்லை. ஒரு லாரி விபத்தோ, முற்றிய நீரிழிவோ போதும். நேற்றுவரை மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டியவர் இன்று ஊன்றுகோலைத் தேட வேண்டியவராகிறார்.

1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்து, வேலையின்மை, முதுமை, நோய், அங்கக்குறைவு ஆகிய நிலைகளில் ஜனங்களுக்குத் தன் சக்திக்கு இயன்ற அளவில் ராஜாங்கம் துணை நிற்க வேண்டும் என்று கூறுகிறது. ஆனால் அது வழிகாட்டும் கோட்பாடு மட்டுமே. அந்த ஷரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டுப் படி ஏற முடியாது. பாரபட்சம் கூடாது என்று விதிக்கும் 15, 16-வது ஷரத்துகளிலோ மதம், ஜாதி, ஆண் பெண் வேற்றுமை, பிறந்த இடம் ஆகியவை கூறப்பட்டிருக்கின்றனவேயன்றி அங்கக்குறைவு அந்த வரிசையில் இடம் பெறவில்லை. 1995-ல்தான் இதற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. அது 7 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. பிறகு 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை இது பற்றி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. 2007-ல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. அந்த வாக்குறுதியைக் காப்பாற்றும் பொருட்டு 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19-ந் தேதி அமலுக்கு வந்தது. இதில் 21 வகைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி என்று ஒரு சொற்றொடரைச் சொல்லலாம்: நியாயமான ஏற்பாடு. மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் தம் உரிமையை அநுபவிப்பதற்கு அவசியமான, பொருத்தமான மாறுதல்களைச் செய்து கொடுப்பதே அதன் பொருள். செய்கிறவர் தலையில் அளவுக்கு மீறிய சுமை விழக்கூடாது என்ற வரம்பும் உண்டு. இவ்வளவோடு நின்றிருந்தால் அது நல்லுபதேசமாக முடிந்திருக்கும். ஆனால் நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதே பாரபட்சமாகும் என்றும் சட்டம் திட்டமாகக் கூறிவிட்டது. "நாங்கள் யாரையும் விரட்டவில்லையே! வாசல் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது" என்று இனி ஒரு நிர்வாகி சொல்லித் தப்ப முடியாது. வாசல் திறந்திருந்து, வாசலுக்கு முன்னால் ஐந்து படிகளும் இருந்தால், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்தக் கதவு சாத்திய கதவேதான்.

ஏற்பாடு என்றதும் நிர்வாகிகள் உடனே பணப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். உண்மையில் வேண்டியிருப்பது என்ன? படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால் பொதுவாகப் போதும். காது கேளாத குமாஸ்தாவுக்கு வாய்மொழியாக இடும் உத்தரவை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பது மற்றொன்று. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவருக்குக் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்க அநுமதிப்பது இன்னொன்று. பார்வையற்றவர் கம்ப்யூட்டரில் எவ்வாறு வேலை செய்வார் என்று வியப்பவர் பலர். திரையிலுள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் வந்து வெகு காலமாயிற்று. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் இருவர் 2006-ல் உருவாக்கத் தொடங்கினார்கள். இன்றும் அது இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு வேண்டியது பணமன்று, மனம்தான்.

நாம் அறிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தச் சட்டம் வந்த பிறகு நடந்ததைக் கூறுகிறோம். அங்கே கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதத்தினால் ஒரு கால் சூம்பியவர். அவருக்குரிய பத்தாம் வகுப்புகள் இரண்டாவது மாடியில் இருந்தன. நாளொன்றுக்கு நாலு தடவை ஏறி இறங்குவார். வயது ஐம்பதை எட்டியபோது நல்ல காலும் சண்டித்தனம் செய்யத் தொடங்கிற்று. வகுப்புகளைக் கீழே மாற்றித் தருமாறு இரண்டு வருஷங்களில் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். "கட்டடம் கட்டிய நாளிலிருந்து பத்தாம் வகுப்பு மாடியில்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. மறு வருஷம் ஐப்பசி மழையில் மாடி ஒழுகத் தொடங்கியது. உடனே பத்தாம் வகுப்புகள் கீழே வந்துவிட்டன. அரை நாள் வேலை. ஒரு காசு செலவில்லை. பையன்கள் தங்கள் பைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால் கணக்கு ஆசிரியர் அதற்குள் விருப்ப ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கேட்டதை ஒரு தயவு என்று நிர்வாகம் நினைத்தது. அவரும் அப்படியேதான் நினைத்தார். அது உரிமை என்று இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தால், அந்தப் பள்ளிக்கூடம் ஒரு நல்ல ஆசிரியரை இழந்திராது. அவரும் ஏழெட்டு வருஷச் சம்பளத்தை இழந்திரார்.

சர்க்கார் ஸ்தாபனங்களைப் பொறுத்தவரையில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 20-வது பிரிவு அவற்றுக்கு நான்கு கட்டளைகளை இடுகிறது. வேலை சம்பந்தமான விஷயங்களில் பாரபட்சம் கூடாது. நியாயமான ஏற்பாடும் தடையற்ற சூழ்நிலையும் தரவேண்டும். அங்கக்குறைவைக் காரணமாகக் காட்டிப் பதவி உயர்வை மறுக்கலாகாது. உத்தியோகத்தில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால் அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலை இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். அதுவும் இல்லாவிட்டால் தகுந்த இடம் காலியாகும் வரையில் அல்லது ஓய்வு பெறும் வயது வரையில் உபரிப் பதவி ஒன்றில் வைத்திருக்க வேண்டும்.

இந்த நான்காவது கட்டளை 1995-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருந்தது. அதற்கு வலிமை தந்தது 2003-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த ஒரு தீர்ப்பு. மத்திய சர்க்காரின் பாதுகாப்புப் படையொன்றில் பணியாற்றிய கான்ஸ்டபிள் ஒருவர், கடமையில் இருந்தபோது காயமுற்று இடது காலை இழந்தார். தகுதியற்றவர் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது செல்லாது என்று கோர்ட் தீர்த்தது. 2021-ல் வந்த மற்றொரு தீர்ப்பு, கை பிடித்துக்கொள்வதனால் எழுத இயலாத ஓர் இளைஞரைப் பற்றியது. சிவில் சர்வீஸ் பரீட்சையில் தமக்காக எழுத ஒரு துணையாளரைக் கேட்டார் அவர். சட்டம் குறிப்பிடும் 40 சதவீத அளவு அவரிடம் இல்லை என்று மறுக்கப்பட்டது. அந்த 40 சதவீத அளவுகோல் இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு உரியது. நியாயமான ஏற்பாட்டுக்கு அதை வைத்து அளக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட் விளக்கிற்று. 2023-ல் நம் தமிழ்நாட்டு மின்சார உற்பத்தி, பகிர்மானக் கழகத்தின் வழக்கு வந்தது. உதவி எஞ்சினீயராகத் தேர்வான ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்ததால் பதவி மறுக்கப்பட்டிருந்தது. தகுந்த பிரிவு ஒன்றில் அவருக்கு அந்தப் பதவியைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. இவற்றிலெல்லாம் கோர்ட் வலியுறுத்தும் விஷயம் ஒன்றே: இன்ன குறை உள்ளவர் இன்ன வேலைக்கு உதவமாட்டார் என்று மொத்தமாகத் தள்ளாதீர்கள், இந்த மனிதருக்கு இந்த வேலையில் என்ன செய்து கொடுத்தால் போதும் என்று தனித்தனியே ஆராயுங்கள்.

இனிச் சட்டம் தயங்கி நிற்கும் இடத்துக்கு வருவோம். 20-வது பிரிவின் கட்டளைகள் சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு மட்டுமே உரியவை. தனியார் முதலாளிகளுக்குச் சட்டம் விதிப்பது வேறு. எல்லா ஸ்தாபனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட்டு, அதன் பிரதியைக் கமிஷனரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் ஸ்தாபனமானால், எந்த எந்த வசதிகள் அளிக்கப்படும், எந்தப் பதவிகள் பொருத்தமானவை என்பவற்றையும் அதில் கூறித் தொடர்பு அதிகாரி ஒருவரையும் நியமிக்க வேண்டும். சர்க்கார் உத்தியோகங்களில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் கட்டாய ஒதுக்கீடு உண்டு. தனியாரிடத்திலோ 5 சதவீதம் சேர்த்துக்கொள்ள ஊக்கம் அளிக்கப்படும் என்பதோடு சரி. அமெரிக்காவில் 1990-ஆம் வருஷத்துச் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் தனியார் முதலாளியையும் நியாயமான ஏற்பாட்டுக்குக் கட்டுப்படுத்துகிறது. பிரிட்டனின் 2010-ஆம் வருஷத்துச் சட்டம் சிறு கடைக்காரரையும் விடவில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று வேலை தேடிப் போவது தனியார் கம்பெனிகளுக்கே. அங்கே நேரான கட்டளை இல்லாமல், பொதுவான பாரபட்சத் தடையையும் ஒரு காகிதக் கொள்கையையும் மட்டும் நம்பி அவர்களை நிறுத்துவது நியாயமாகுமா? பார்லிமெண்டு அங்கத்தினர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

சட்டம் திருந்தும் வரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. உள்ளதைப் பயன்படுத்த வேண்டும். சர்க்கார் ஆபீஸ் ஒவ்வொன்றிலும் குறை தீர்க்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். மனு பதிவாகி இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். மாநிலக் கமிஷனரிடமும் முறையிடலாம். அவர் சிபார்சின்மீது எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். சட்டத்தை மீறுகிறவருக்கு முதல் தடவை 10,000 ரூபாய் வரையிலும், மறுபடி மீறினால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. ஏற்பாடு வேண்டுகிறவர்கள் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாமல், இன்ன வேலையில் இன்ன சிரமம், அதற்கு இன்ன மாறுதல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துத் தேதியிட்ட ரசீது பெற்றுக்கொள்வது நல்லது. மறுப்பையும் எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் மறுப்பதற்கு அநேக நிர்வாகிகளின் கை கூசும்.

நேயர்களில் பலர் கம்பெனிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பாங்கிகளிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கிறவர்கள். அவர்களிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. உங்கள் மேஜைக்கு எதிரே அத்தகைய ஒருவர் வந்து நிற்கும்போது, அவருடைய குறையை அநுதாபத்துடன் ஆராய வேண்டாம். அவரால் என்ன முடியாது என்று நீங்களாக ஊகிக்கவும் வேண்டாம். "இந்த வேலையை நன்றாகச் செய்ய உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" என்று கேளுங்கள். அவருக்குத்தான் அதற்கு விடை தெரியும். அந்த விடை பெரும்பாலும் நீங்கள் அஞ்சுவதைவிட மிகச் சிறியதாகவே இருக்கும்.