கணக்குக்கும் பாஷை உண்டு

"கணக்குக்குப் பாஷை கிடையாது" என்று சொல்கிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது.

கலைப்பீடத்தில் படிக்கும் நாங்கள் சிலர் சனிக்கிழமைகளில் கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் ஓ.எல். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுக்கத்தான் போனோம். பிள்ளைகள் கேட்டது கணக்கு. "குணகம்னா என்ன?" என்று கேட்டோம். "நல்ல குணமா சேர்?" என்றான் ஒருவன். சிரித்தோம். அப்புறம் வெட்கமாகிவிட்டது. எங்களில் பாதிப் பேருக்கும் விடை தெரியாது.

அட்சரம் என்றால் எழுத்து. எழுத்தை வைத்துச் செய்கிற கணக்கு அட்சரகணிதம். மாறுவது மாறி, மாறாதது மாறிலி. குணித்தல் என்றால் பெருக்கல். 5க என்பதில் க-வைப் பெருக்கும் 5 குணகம். இவ்வளவுதான். இதைத் திறந்து காட்டாமல் பாடமாக்கு என்கிறோம். பிள்ளை போனில் தமிழ்நாட்டு வீடியோ பார்த்தால் அங்கே அது 'இயற்கணிதம்'. இது வேறு பாடமாக்கும் என்று மூடிவிடுகிறான்.

சொல்லைப் போலத்தான் விதியும். "அந்தப் பக்கம் போனா சைன் மாறும்." ஏன் மாறும்? யாரும் கேட்பதில்லை. க − 2 = 10 என்றால் தராசின் இரண்டு தட்டிலும் 2 போடுகிறோம், க = 12. எதுவும் எங்கேயும் 'போகவில்லை'. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லுக்கே குறைந்ததை நிறைவாக்குதல் என்றுதான் பொருள். அல்ஜிப்ரா என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

வகுப்பில் அதிகம் பிழைப்பது அடைப்புக்குறி. 3(க − 2) என்பதை 3க − 2 என்று எழுதிவிடுவார்கள். நாங்கள் மடுவத்துக்குப் போனோம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, ஒவ்வொன்றிலும் க கிலோ கொழுந்து, ஒவ்வொரு தரமும் சாக்குக்கும் தண்ணிக்கும் என்று 2 கிலோ கழிவு என்று வைப்போம். மொத்தம் எவ்வளவு கழியும்? "ஆறு!" என்று முழு வகுப்பும் கத்தியது. அப்போ 3க − 6. க 10 என்றால் கிடைப்பது 24 கிலோ, 28 அல்ல. தமிழ்நாட்டுப் புத்தகம் 'பங்கீட்டுப் பண்பு' என்று சொல்வது இதைத்தான். காலை 8, பின்னேரம் 7 என்றாலும் காலை 7, பின்னேரம் 8 என்றாலும் கூட்டினால் 15. அது பரிமாற்றுப் பண்பு. கழித்தலுக்கு அது செல்லாது. இந்தப் பிள்ளைகளின் அம்மாமாருக்கு இந்தக் கணக்கு தெரியாதா? தெரியாதது பெயர் மட்டும்தான்.

"இங்கிலிஷ் மீடியம் வந்தா சரியாயிடும்" என்பார்கள். விளங்காத குணகத்துக்குப் பதிலாக விளங்காத கோஎஃபிஷன்ட் வரும், வேறென்ன? 1855இலேயே யாழ்ப்பாணத்துக் கரோல் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்று தமிழில் நூல் போட்டுவிட்டார். குறை பாஷையில் இல்லை.

நாங்கள் கேட்பது சின்ன விஷயங்கள். புதுச்சொல் வரும் பாடத்தில் முதல் ஐந்து நிமிடம் அந்தச் சொல்லுக்குக் கொடுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இங்கத்தைய சொல்லையும் தமிழ்நாட்டுச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கலைப்பீடத்துக் கூட்டாளிகளே, "நமக்குக் கணக்கு ஓடாது" என்று பெருமையாகச் சொல்வதை நாமும் விடுவோம். சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்வதுதானே நாம் படிக்கும் படிப்பு? சனிக்கிழமை பஸ்ஸில் இடம் இருக்கிறது, வாங்க.