சக்கை யாருக்கு? தூசு யாருக்கு?

"கழிவைக் குறைப்போம், பூமியைக் காப்போம்" என்ற பலகைகள் இன்று ஆலை வாசல்கள்தோறும் முளைத்து வருகின்றன. பச்சை வண்ணம், ஓர் இலைப் படம், ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புக்குறிகள். வளவனூரிலிருந்து கிழக்கே திருபுவனை, வில்லியனூர்ப் பக்கம் வேலைக்குப் போகும் தோழர்களுக்கும், மேற்கே விழுப்புரம் போய் அங்கிருந்து முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகும் தோழர்களுக்கும் இந்த அலங்காரம் புதிதாக இராது.

முதலாளிமார்களுக்குப் பூமித்தாயின் மீது திடீரென்று பாசம் பொங்கியதேன்? காரணமின்றிக் காரியமில்லை. பங்குச் சந்தையிலுள்ள முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் கழிவு, தண்ணீர், மின்சாரக் கணக்கை 2022-23 நிதியாண்டு முதல் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 'செபி' கட்டளையிட்டுவிட்டது. வெளிநாட்டில் சரக்கு வாங்குவோரும் சான்றிதழ் கேட்கிறார்கள். பெரிய நிறுவனத்தைக் கேட்டால், அதற்கு அட்டைப் பெட்டியும் திருகாணியும் நூலும் கொடுக்கிற சின்ன ஆலையும் கணக்குக் காட்டியாக வேண்டும். ஆகவே பலகை வந்தது.

வரட்டும். கழிவைக் குறைக்கும் திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை, மனமார வரவேற்கிறோம். ஆலைக் கழிவு நீரைக் குடிப்பதும், ஆலைப் புகையைச் சுவாசிப்பதும் ஆலையை ஒட்டிக் குடியிருக்கிற ஏழை மக்களே அன்றி, மாளிகைவாசிகள் அல்லர். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். இந்தத் திட்டத்தை எழுதியவர் யார்? குப்பையைக் கையால் தொடுகிறவரா? குளிரூட்டிய அறையில் கூட்டம் போடுகிறவரா? பிரச்சினையின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

சர்க்கரை ஆலை தரும் பாடம்

நம் பகுதி மக்களுக்குக் கழிவை மீண்டும் பயன்படுத்துவதைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. வெல்லம் காய்ச்சும் உழவன், பிழிந்த சக்கையைக் காயவைத்து அதையே கொப்பரைக்கு அடியில் எரித்தான். சாம்பலை வயலுக்குக் கொண்டுபோனான். அவனுடைய ஆலையில் குப்பைமேடு ஏது?

அதே காரியத்தைத்தான் சர்க்கரை ஆலை பெரிய அளவில் செய்கிறது. 100 டன் கரும்பை அரைத்தால் சர்க்கரையாகக் கிடைப்பது ஏறத்தாழ 10 டன்தான். சக்கை சுமார் 30 டன். கழிவுப்பாகாகிய மொலாசஸ் 4 டன்னுக்கு மேல். பிரஸ்மட் 3 அல்லது 4 டன். மற்றது பெரும்பாலும் தண்ணீர். சக்கை கொதிகலனில் எரிந்து நீராவியாகிறது; நீராவி ஆலையை ஓட்டுகிறது; இணைமின் நிலையம் உள்ள ஆலைகளில் மின்சாரமாகி விற்பனைக்கும் போகிறது. மொலாசஸ் எரிசாராயமாகிறது. பிரஸ்மட் எருவாகிறது. கரூரை அடுத்த புகளூரில், தமிழக அரசு 1979-ஆம் ஆண்டு நிறுவிய காகித நிறுவனத்தின் ஆலை, சக்கையையே முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு எழுந்தது. காட்டு மரத்துக்குப் பதில் கரும்புச் சக்கை!

ஆக, பெயர் கழிவு. கணக்கில் அது செல்வம். 2012-ஆம் ஆண்டு அறிக்கை தந்த ரங்கராஜன் குழு, சர்க்கரை, சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் ஆகியவற்றின் மதிப்பில் 70 விழுக்காடு கரும்பு விவசாயிக்குச் சேரவேண்டும் என்று பரிந்துரைத்தது. சக்கைக்கு விலையுண்டு, அந்த விலையில் பங்கு கேட்க உழைத்தவனுக்கு நியாயமுண்டு என்பதை அரசாங்கம் அமைத்த குழுவே ஒப்புக்கொண்டாயிற்று.

சக்கை மேட்டில் நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு வந்து சேருவது என்ன? தூசு! குவித்துவைத்த சக்கை ஈரத்தால் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கிறது. உலர்ந்தபின் அதைக் கலைத்தால் நுண்ணிய தூள் எழும்பி மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது. காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். மருத்துவர்கள் இதற்குப் 'பகாசோசிஸ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாம் சக்கை நோய் என்போம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நோய் இது. தடுக்கும் வழியும் தெரிந்ததே: சக்கையைப் பூஞ்சை பிடிக்கும்படி போட்டுவைக்காமல் முறையாகச் சேமிப்பது, கலைக்கும்போது நனைப்பது, மூடிய பட்டையில் கொண்டுபோவது, மூக்கை மூடும் கவசம், ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை.

கரும்பு தின்னக் கூலியா என்பது பழமொழி. ஆலையில் கரும்பைத் தின்கிறவர் ஒருவர். சக்கைத் தூசைத் தின்கிறவர் வேறொருவர். சக்கையிலிருந்து எத்தனை யூனிட் மின்சாரம் எடுத்தோம் என்று அறிக்கையில் எழுதுகிறவர்கள், எத்தனை தொழிலாளரின் நெஞ்சைப் பரிசோதித்தோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதட்டும். அப்போது நம்புகிறோம்.

காயலான் கடைக்குப் போன பாதரசம்

தொழிலாளியிடம் உண்மையைச் சொல்லாமல் நடக்கும் கழிவு வியாபாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே ஒரு வெப்பமானி ஆலை வைத்தார்கள். பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. உடைந்த கண்ணாடியை விற்றுக் காசாக்குவது ஆலைகளில் வழக்கம். ஆனால் இந்தக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது பாதரசம். 2001-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் இயக்கத்தினரும் வெளிப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது.

கழிவு ஊர் திரும்பிற்று. தொழிலாளி எங்கே திரும்புவது? தங்கள் உடல்நலக் கேட்டுக்கு ஆலையே காரணம் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். அதற்கு ஆதாரமில்லை என்று நிறுவனம் சொன்னது. ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நடந்தபின், 2016-ஆம் ஆண்டு மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. 15 ஆண்டுகள்!

பழைய பொருள் வாங்குவோர்க்கு விற்றால் அது மறுசுழற்சி ஆகிவிடும் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். எந்தப் பொருள், அதில் என்ன ஒட்டியிருக்கிறது, வாங்கியவர் அதை என்ன செய்கிறார் என்ற மூன்றும் தெரியாத விற்பனை, நஞ்சை நம் வாசலிலிருந்து அடுத்தவன் வாசலுக்குத் தள்ளுவதேயாகும்.

"நமக்கென்ன" என்பாருக்கு

"கூலி உயர்வும் போனசும் கேட்பதுதானே சங்கத்தின் வேலை? குப்பைக் கவலை முதலாளிக்கு இருக்கட்டும்" என்று சொல்லும் தோழர்களும் உண்டு. அவர்களுக்குத் திருப்பூரைக் காட்டுகிறோம்.

சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் ஓடிற்று. ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து மீண்டும் ஆலையிலேயே பயன்படுத்த வேண்டும், ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையைப் பட்டறைகள் நிறைவேற்றவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியில் நின்றன. விவசாயியின் பக்கம் நியாயம் இருந்தது; அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வாரம் கூலி இல்லாமல் ஊருக்கு மூட்டை கட்டியவன் யார்? கழிவுநீரை ஆற்றில் விடச் சொன்னவனா? சாயத்தில் கை நனைத்தவன்தான்!

முதலாளியின் அலட்சியத்துக்குத் தண்டனை வரும்போது அதைத் தொழிலாளியின் முதுகு வாங்குகிறது. ஆகவே ஆலைக் கழிவு என்பது கூலிப் பிரச்சினை. வேலைப் பாதுகாப்புப் பிரச்சினை. கோரிக்கைப் பட்டியலில் ஏறவேண்டிய பிரச்சினை.

குழுவில் இடம் வேண்டும்

இடம் கேட்பது பிச்சையல்ல. 100 பேர் வேலை செய்யும் ஆலையில் நிர்வாகமும் தொழிலாளரும் அமரும் பணிக்குழு அமைக்க 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் வழிசெய்தது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தபின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயப் பொருள்களைக் கையாளும் ஆலைகளில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வந்தது. உயிருக்கு ஆபத்து நெருங்குவதாகத் தொழிலாளி கருதினால் அதை நிர்வாகத்தின் முன் வைக்கும் உரிமையும் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டங்களின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழிற்சங்கங்கள் பலவும் அவற்றை எதிர்க்கின்றன; அந்த வாதம் தனியே நடக்கட்டும். பணிக்குழு, பாதுகாப்புக் குழு என்ற பேச்சு அத்தொகுப்புகளிலும் நீக்கப்படவில்லை. ஏட்டில் இருக்கும் குழுவை ஆலைக்குள் இறக்குவது சங்கத்தின் கடமை.

குழுவில் அமர்ந்தபின் கேட்கவேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, எடை. காகிதம், அட்டை, இரும்பு, பஞ்சு, பிளாஸ்டிக், எண்ணெய், சாப்பாட்டு மிச்சம் எல்லாவற்றையும் ஒரு மாதம் தனித்தனியே எடைபோட வேண்டும். எந்தப் பிரிவில் எவ்வளவு வீணாகிறது என்பதைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எடையில்லாத திட்டம் கண்கட்டு வித்தை.

இரண்டாவது, பிரிப்பது. இயந்திரத்தின் பக்கத்திலேயே பிரிக்க வேண்டும், குப்பைமேட்டில் அல்ல. எண்ணெய் துடைத்த துணி அட்டையோடு சேர்ந்தால் அட்டையும் பாழ்.

மூன்றாவது, நஞ்சு. இரசாயனப் பீப்பாய், பழைய எண்ணெய், பேட்டரி, குழல்விளக்கு ஆகியவை உரிமம் பெற்றவரிடம் மட்டுமே போகவேண்டும். அபாயக் கழிவை முறையாக அடக்கம் செய்யும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. போன சரக்குக்குச் சீட்டு எங்கே என்று குழு கேட்க வேண்டும். காலிப் பீப்பாயைத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கத்தைத் தோழர்களும் இன்றே விட வேண்டும்.

நான்காவது, ஆள். குப்பை என்றதும் 'இன்ன சாதியாரின் வேலை' என்று கை காட்டும் கொடுமை ஆலைக்குள்ளும் நுழைகிறது. நிரந்தரத் தொழிலாளி இயந்திரத்தில். குப்பையில் ஒப்பந்தக் கூலி. அவருக்குக் கையுறை இல்லை, விடுப்பு இல்லை, பெயரும் பதிவேட்டில் இல்லை. கழிவுத் தொட்டியில் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அத்தகைய சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவுக்குப் பின் 30 லட்சம் கொடுப்பதைவிட, சாவுக்கு முன் ஓர் இயந்திரம் வாங்குவது அறிவுடைமையன்றோ? புனே நகரில் குப்பை பொறுக்குவோர் 1993-இல் தங்களுக்கென்றே சங்கம் கண்டார்கள். அவர்களது கூட்டுறவு 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடுவீடாகக் குப்பை எடுத்தது. தெருவில் பொறுக்குவோருக்கு முடிந்தது, ஆலைக்குள் நிற்போருக்கு முடியாதா?

ஐந்தாவது, வருமானம். பழைய பொருள் விற்ற பணம் எவ்வளவு என்பது குழுவுக்குத் தெரியவேண்டும். அதில் ஒரு பகுதி கவசத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் ஒதுக்கப்பட வேண்டும். சிக்கனத் திட்டம் என்ற பெயரால் ஒரு தொழிலாளியும் வீட்டுக்கு அனுப்பப்படக்கூடாது.

இவற்றைக் கேட்பவர்களுக்குச் சொந்த ஒழுங்கும் வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் குவளையில் சங்கக் கூட்டத்திலேயே தேநீர் கொடுத்துவிட்டு, முதலாளிக்குப் புத்தி சொல்லப் போகமுடியாது.

எட்டு மணி நேர வேலையைக்கூட முதலாளிகள் ஒரு காலத்தில் தங்கள் தயவென்றே பேசினார்கள். நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியில், 1936 ஜூலை 30-ஆம் நாள், பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையானார்கள். அடுத்த ஆண்டே அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. தயவு உரிமையானது அப்படித்தான்.

ஆலை வாசலில் பச்சைப் பலகை இருக்கட்டும், பெயர்க்கச் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் எடைக் கணக்கும், குழுவினரின் பெயர்ப் பட்டியலும் தொங்கவேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் ஒவ்வொரு சங்கமும் இந்த ஐந்து கோரிக்கைகளை எழுதி எடுத்துப் போகட்டும்.