பிளேட் போச்சா, கேபிள் போச்சா?

மேம்பாலம் ஏறும்போதுதான் பெரும்பாலும் முதலில் தெரியவரும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது; வண்டி மட்டும் அதே வேகத்தில் ஊர்கிறது. பின்சீட்டில் மனைவி, பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும் லாரி. ஒருவழியாக வீடு வந்து மெக்கானிக்குக்கு போன் போட்டால், வண்டியைப் பார்க்காமலே பதில் வரும்: “கிளட்ச் பிளேட் போயிருக்கும்ணே. கொண்டாந்து விடுங்க, மாத்திடலாம்.”

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு சுற்று அட்ஜஸ்டரைத் திருகினால் தீரும் கோளாறுக்கும் பிளேட் மாற்றப்பட்டுவிடுவது உண்டு. தண்ணீர் கேன் போடுபவர், பால் ஊற்றுபவர், உணவு டெலிவரி செய்பவர் போன்றோருக்கு வண்டி ஒரு நாள் ஷெட்டில் நின்றால் அன்றைய வருமானமும் நின்றது. அதனால், இந்த வேலையை வீட்டிலேயே செய்கிறவர் மட்டுமல்ல, ஷெட்டில் கொடுத்துச் செய்கிறவரும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கிளட்ச் என்பது ஒரே தகடு அல்ல, ஓர் அடுக்கு. இட்லித் தட்டுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் வட்டத் தகடுகள். ஒன்று உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட். மெக்கானிக்குகள் இன்றும் ‘கார்க் பிளேட்’ என்பார்கள். அடுத்தது வெறும் ஸ்டீல் பிளேட். மறுபடி கார்க், மறுபடி ஸ்டீல். கார்க் பிளேட்டின் வெளிக்காதுகள் இன்ஜினோடு சுற்றும் டிரம்மில் மாட்டியிருக்கும். ஸ்டீல் பிளேட்டின் உள்பற்கள் கியர்பாக்ஸோடு சுற்றும் ஹப்பில் மாட்டியிருக்கும். நான்கைந்து ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கின்றன. லீவரைப் பிடித்தால் பிடி தளரும், விட்டால் இறுகும். அவ்வளவுதான். ஒவ்வொரு கார்க் பிளேட்டும் கால் மில்லிமீட்டர் தேய்ந்தாலே, ஐந்து பிளேட்டுக்குச் சேர்த்து ஒன்றேகால் மில்லிமீட்டர் போய்விடும். அந்த அளவுக்கு ஸ்பிரிங்கின் அழுத்தமும் குறையும். பிறகு பாரம் ஏறினால் நழுவத்தானே செய்யும்? 20 லிட்டர் கேன் நான்கைக் கட்டினால், தண்ணீரின் எடை மட்டுமே 80 கிலோ.

இனி கேபிள். லீவரின் நுனியில் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை. சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அந்த ஆட்டமே இல்லாமல் கேபிள் விறைத்திருந்தால், லீவரை யாரும் தொடாதபோதும் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே இருக்கும். பிளேட் புதிதாக இருந்தாலும் நழுவும். சீக்கிரமே கருகவும் செய்யும். இதில் ஒரு விநோதம் உண்டு. கேபிள் நீண்டால் ஆட்டம் கூடும். பிளேட் தேய்ந்தால், பெரும்பாலான வண்டிகளில் ஆட்டம் குறையும். ஆகவே, அடிக்கடி கேபிளைத் தளர்த்திவிட வேண்டியிருக்கிறது என்றால் பிளேட் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அடிக்கடி இறுக்க வேண்டியிருந்தால் கேபிளின் இழைகளைப் பார்க்க வேண்டும். உள்ளே ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கலாம்.

ஆட்டத்தைச் சரிசெய்த பிறகு, ஆளில்லாத சாலையில் ஒரு சோதனை. டாப் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று திறக்க வேண்டும். இன்ஜின் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நலம். சத்தம் மட்டும் எகிறிவிட்டு, வேகம் பின்னால் மெல்ல வந்தால் நழுவுகிறது. கூடவே கருகிய வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. லீவரை முழுதாகப் பிடித்தும் வண்டி முன்னால் ஊரும், சிக்னலில் நியூட்ரல் விழாது, முதல் கியர் ‘டக்’கென்று அடிக்கும். இது தேய்மானம் அல்ல. பிளேட்டுகள் பிரிய மறுக்கின்றன. கேபிள் அதிகமாகத் தளர்ந்திருக்கலாம், ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கலாம், டிரம்மின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு குற்றவாளி உண்டு. அவர் ஆயில் டப்பாவுக்குள் இருப்பார். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே குளித்துக்கொண்டிருக்கிறது. காருக்கான ஆயில்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள் சேர்ப்பார்கள். காருக்கு அது நல்லது. உராய்வை நம்பியே வாழும் பைக் கிளட்சுக்கு ஆகாது. இதற்காகத்தான் ஜப்பானியர்கள் ‘ஜாசோ’ என்ற தரக்குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்பக்கம் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் கியர் பைக்குக்கு ஏற்றது. எம்.பி. என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலைத் தொடுவதே இல்லை என்பதால் அங்கே பிரச்னை இல்லை. வீட்டில் ஒரு பைக்கும் ஒரு ஸ்கூட்டரும் நிற்கும். ஸ்கூட்டருக்கு ஊற்றி மீதமான ஆயிலை வீணாக்குவானேன் என்று பைக்கில் கவிழ்ப்பார் குடும்பத் தலைவர். சில வாரங்களில் “புது வண்டிதான், அதுக்குள்ள கிளட்ச் போச்சு” என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் தாண்டியும் நழுவுகிறது என்றால்தான் வண்டியைத் திறக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்துவிட்டு, பேக்கிங் கிழிந்துபோய், உதிரிபாகக் கடையும் பூட்டியிருந்தால் திங்கள்கிழமை பஸ்தான். ஆகவே சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்: கார்க் பிளேட் செட், ஸ்பிரிங் செட், கவர் பேக்கிங், ஆயில். வண்டியின் மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் கடையில் சொல்ல வேண்டும்; ஒரே பெயரில் வரும் வண்டிக்கே ஆண்டுக்கு ஆண்டு பிளேட் மாறும். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எல்லாமே கிடைக்கும், போலியும் சேர்த்து. சாதாரண 100 சிசி வண்டிக்கு ஒரிஜினல் பிளேட் செட்டே சில நூறு ரூபாய்தான். இதில் போய் மிச்சம் பிடிப்பது அர்த்தமில்லாத வேலை. வாங்கி வந்த கார்க் பிளேட்டுகளை அன்றிரவே புது இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துவிட வேண்டும். காய்ந்த பிளேட்டை அப்படியே மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே அதன் மேற்பரப்பு கருகிவிடும்.

பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் வலப்பக்கம் இருக்கிறது. பழைய புல்லட்டில் இடப்பக்கம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஆயிலை வடித்து, கேபிளைக் கழற்றி, வழியில் நிற்கும் கிக்கர், ஃபுட்ரெஸ்ட், சில வண்டிகளில் சைலென்சர் வரை எடுத்த பிறகுதான் கவரை நெருங்க முடியும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சைலென்சரில் முழங்கை சுட்டுக்கொள்வதுதான் இந்த வேலையில் நடக்கும் சாதாரண விபத்து. கவரின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேயே குத்திவைப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் அலுமினியம் விரிசல் விடும். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணோ பையனோ இருந்தால், ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுக்கும் பொறுப்பை அவர்களிடம் விடலாம்.

கவர் ஒட்டிக்கொண்டு வராது. ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பக் கூடாது. நெம்பிய இடத்தில் விழும் கீறல் வழியாகக் காலமெல்லாம் ஆயில் கசியும். ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் வந்துவிடும்.

வீட்டில் செய்யலாமா, கூடாதா என்பதை முடிவுசெய்யும் இடம் இதற்கு அடுத்தது. யமஹா ஆர்15 போன்ற வண்டிகளில் ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கழற்றினாலே வெளித்தட்டு வந்துவிடும். பிளேட்டுகளை விரலால் ஒவ்வொன்றாக உருவலாம். ஆனால் 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஸ்பிரிங்கைக் கழற்றிய பிறகும் பிளேட் வராது. ஹப்பின் நடுவிலிருக்கும், பள்ளம் வெட்டிய வட்ட நட்டைக் கழற்ற வேண்டும். அதற்குப் பற்கள் கொண்ட தனி ஸ்பேனரும், ஹப் சுற்றாமல் பிடிக்க ஒரு ஹோல்டரும் தேவை. அவை இல்லாமல் உளியை வைத்து அடித்து நட்டைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடி முழுவதும் பேரிங்குக்கும் கியர் ஷாஃப்டுக்கும் போகிறது. அந்த ஸ்பேனர் கையில் இல்லையென்றால், அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

வெளியே வந்த பிளேட்டுகளை வெர்னியரால் அளக்க வேண்டும். புது கார்க் பிளேட் பல வண்டிகளில் 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எவ்வளவு தேயலாம் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிமேல் வைத்து அழுத்திப் பார்த்தால், வளைந்திருந்தால் ஆடும். நீலம் பாய்ந்திருந்தால் சூடு பட்டிருக்கிறது. கார்க்கை மட்டும் மாற்றி, நீலம் பாய்ந்த ஸ்டீலை மறுபடி போடுவதுதான் ‘போன வருஷம்தானே மாத்தினேன்’ என்ற புலம்பலுக்குக் காரணம். ஸ்பிரிங்குகளையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அழுத்தம் ஒருபக்கமாகச் சாயும்.

மாட்டும்போது கழற்றிய வரிசைக்கு நேர் எதிர் வரிசை. சில வண்டிகளில் கடைசி கார்க் பிளேட்டின் காதுகள் மற்றவற்றோடு ஒரே வரியில் உட்காராது. பக்கத்துச் சிறு பள்ளத்தில் உட்காரும். போட்டோவின் அருமை அப்போது தெரியும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அவற்றுக்குத் தேவையான முறுக்கு மிகச் சிறியது. பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். கை வலிமையைக் காட்டினால் போல்ட் ஏறும் அலுமினியத் தூண் உடையும். பிளேட் செட்டைவிடப் பல மடங்கு செலவு வைக்கும் தவறு இது. பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து, கவரை மூடி, ஆயில் ஊற்றி, லீவர் ஆட்டத்தை மறுபடி வைத்தால் வேலை முடிந்தது.

இத்தனை தூரம் திறந்தாயிற்றே, கொஞ்சம் ‘பவர்’ பிளேட் போட்டால் என்ன என்ற ஆசை இளைஞர்களுக்கு வரும். கெவ்லார் பிளேட், ஹெவி ஸ்பிரிங் என்று இணையக் கடைகளில் கொட்டிக்கிடக்கிறது. கிளட்ச், சக்தியை உற்பத்தி செய்வதில்லை, வருவதைக் கடத்துகிறது. நழுவாத கிளட்சுக்குமேல் இன்னும் நழுவாத கிளட்ச் என்று ஒன்று இல்லை. இன்ஜினில் மாற்றம் செய்தவர்களுக்கும், பந்தய ஓட்டக்காரர்களுக்கும் அவை தேவைப்படலாம். ஆபீஸ் போய்வரும் 125 சிசி வண்டியில் ஹெவி ஸ்பிரிங் போட்டால் கிடைப்பது மணிக்கட்டு வலிதான். நெரிசலான சாலையில் 40 நிமிடம் அந்த லீவரைப் பிடித்துப் பிடித்து விட்டுப்பார்த்தால் தெரியும். அதே வண்டியை வீட்டில் அம்மாவோ தங்கையோ ஓட்டுகிறார்கள் என்றால் அவர்கள் கைக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆர்15-இன் மூன்றாம் பதிப்பு போன்ற வண்டிகளில் வரும் அசிஸ்ட் ஸ்லிப்பர் கிளட்ச் நிஜமாகவே நல்ல ஏற்பாடு. லீவர் பஞ்சுபோல இருக்கும். சட்டென்று கியர் குறைத்தாலும் பின்சக்கரம் துள்ளாது. ஆனால் அது பிளேட் விஷயம் அல்ல, ஹப்பின் வடிவமே வேறு. வேறு வண்டியில் கொண்டுபோய்த் திணிக்கும் சமாசாரம் இல்லை. சாதாரண வண்டிக்குச் செய்யக்கூடிய ஒரே உருப்படியான ‘அப்கிரேடு’, கம்பெனி பிளேட், புது ஸ்பிரிங், சரியான ஆயில், வழவழப்பான புது கேபிள்.

புது பிளேட் போட்டதும் கொல்லிமலைக்குக் கிளம்பக் கூடாது. அங்கே இருப்பது 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கிளட்சுக்கு வேலை. முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல், விரட்டாமல் ஓட்டினால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று படியும். அதன்பின் லீவர் ஆட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும், கட்டாயம் மாறியிருக்கும். சிக்னலில் முதல் கியரில் லீவரைப் பிடித்தபடி நிற்பது, ஓட்டும்போது இரண்டு விரலை லீவர்மேல் ஓய்வெடுக்கவிடுவது ஆகிய இரண்டு பழக்கங்களும் தொடர்ந்தால் புது செட்டுக்கும் ஆயுசு குறைவுதான்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பயன்படுத்திய ஆயில் அரசு விதிகளின்படி அபாயக் கழிவு. காலி டப்பாவிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். துடைத்த துணியையும் குப்பையில் போடுமுன் அடுப்படிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.