தீ அணைந்த பிறகு கொல்வது எது?

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமம். விறகடுப்பில் களி கிண்டும் பெண்ணின் சேலையில் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து தீயை அணைக்கிறார்கள். மலையிறங்கி, போளூர் தாண்டி, திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். காயம் பெரிதானால் 200 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னை கீழ்ப்பாக்கம் வரை போகவேண்டும். பத்தாம் நாள் உயிர் பிரிகிறது. “விதி முடிந்தது” என்கிறார்கள்.

நாம் அதை ஒப்புக்கொள்ள முடியாது.

தீக்காய வார்டில் முதல் சில நாட்களைத் தாண்டியவர்களைப் பெரும்பாலும் கொல்வது கிருமி. தோல் நம் உடம்புக்குக் கோட்டைச் சுவர். அது வெந்துபோனதும், முதலில் நோயாளியின் சொந்தத் தோலிலே இருக்கும் ஸ்டபிலோகாக்கஸ் கிருமி காயத்தில் குடியேறுகிறது. ஒரு வாரம் ஆவதற்குள் சூடோமோனாஸ், அசினிடோபாக்டர் போன்றவை வந்து சேருகின்றன. ஈரமான குழாயடியிலும் கட்டிலிலும் கருவிகளிலும் தங்கி, கழுவாத கைகளின் வழியே படுக்கைக்குப் படுக்கை தாவுகிறவை இவை. பல மருந்துகளுக்கும் அடங்காதவை. அதற்கும் பிறகு பூஞ்சை.

கிருமி வரும் வழி தெரிந்திருக்கிறது. தெரிந்த வழியை அடைக்கவும் முடியும். 1847இல் வியன்னா நகரத்தில் ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டில் எல்லோரும் குளோரின் கலந்த நீரில் கை கழுவவேண்டும் என்று கட்டாயமாக்கினார். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது.

ஆனால் கை கழுவத் தண்ணீர் வேண்டும், சோப்பு வேண்டும், நேரம் வேண்டும். ஒரே நர்சின் தலையில் வார்டு முழுவதையும் கட்டினால் அவர் எத்தனை முறை கை கழுவுவார்? வார்டைத் துடைக்கும் தொழிலாளியை ஒப்பந்தக் கூலியாக வைத்து, அரைவயிற்றுச் சம்பளம் கொடுத்தால் சுத்தம் எங்கிருந்து வரும்? இதையெல்லாம் மறைத்து, “மலைஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது” என்று பழிபோடுவது அநியாயம்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 1,80,000 பேர் தீக்காயத்தால் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் வாழ்கிறவர்கள். பாய்லர் அருகே நிற்கும் மில் தொழிலாளிக்கும், பட்டாசு ஆலையில் மருந்து இடிக்கும் கூலிக்கும், மலைப் பெண்ணுக்கும் ஆபத்து ஒன்றே.

நாம் செய்யவேண்டியதும் உண்டு. தீப்பட்ட இடத்தில் இருபது நிமிஷம் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். மை, மாவு, பற்பசை, சாணம் எதையும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி உடனே 108 வண்டியை அழையுங்கள்.

சர்க்கார் செய்யவேண்டியது இது: ஜமுனாமரத்தூரிலேயே இரவும் பகலும் சுத்தமான கட்டும், ஏற்றுவதற்குச் சலைனும், பயிற்சி பெற்ற நர்சும், தயாராக நிற்கும் வண்டியும் இருக்கவேண்டும். பெரிய ஆஸ்பத்திரித் தீக்காய வார்டுகளில் போதிய நர்சுகளும், நிரந்தரத் துப்புரவுத் தொழிலாளரும், வற்றாத குழாய்த் தண்ணீரும், காயம் ஆறச் சத்தான உணவும் வேண்டும்.

அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். தீயிலிருந்து மீட்ட உயிரைக் கிருமிக்குக் கொடுக்க நாம் தயாராயில்லை.